ஷாஃப்ட் வாசல் சோதனைக்காரன்

வாயைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும் என்று எந்தத் துரையும் எனக்கு உத்தரவு போடவில்லை. அதை நானாகத்தான் ஆரம்பித்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு பூசி மெழுகினான் என்ற பேச்சு வேண்டாம்.

எங்கள் தங்கச் சுரங்கத்துக்குச் சிவசமுத்திரத்திலிருந்து கரண்டு வந்த வருஷம் அது. அதற்கு முன்னால் நாலு வருஷம் நானும் என் மச்சான் ராஜப்பாவும் பூமிக்கடியில் ஒரே லெவலில் பாறை குடைந்தோம். ஷிஃப்ட் முடிந்து மேலே வந்தால், தங்கக்கல் ஒளித்திருக்கிறோமா என்று சுரங்கக் குழி ஏறி வெளியே வரும் ஷாஃப்ட் வாசலில் சோதனை போடுவார்கள். கோவணம் வரைக்கும் தடவுவார்கள். "கை வெளங்காமப் போவ" என்று நான் முணுமுணுப்பேன். ராஜப்பா சிரிப்பான். "வுடு மாப்ள, அவனுக்கும் வயிறு இருக்குது" என்பான். தன் தங்கை பாக்கியவதியை எனக்குக் கட்டிவைத்தவனும் அவன்தான்.

அப்புறம் அந்தச் சோதனை வேலை எனக்கே வந்தது. காக்கிக் கோட்டு, பித்தளை வில்லை, கையில் பிரம்பு. முதல் இரண்டு நாள் கூச்சமாக இருந்தது. தெரிந்தவனைத் தொடும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். மூன்றாம் நாள் ஒருத்தன் வாய்க்குள் கல்லை அடக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போய் வெளியே மாட்டினான். துரை என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். மறுநாளிலிருந்து எல்லாரும் வாயைத் திறக்க வேண்டும், நாக்கைத் தூக்க வேண்டும் என்று ஆக்கினேன். தயங்கினால் பிரம்பு. சீ, அந்த வேலை எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

ஆடியில் ஒரு நாள் ராஜப்பா கையில் துணி சுற்றிக்கொண்டு மேலே வந்தான். பாறை விழுந்து இரண்டு விரல் நசுங்கியிருந்தது.

"கட்ட அவுரு" என்றேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போறேன் மாப்ள. ரத்தம் இப்பத்தான் நின்னுது."

"எல்லாருக்கும் ஒரே சட்டம்தான். அவுரு."

வரிசையில் ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொந்தக்காரனைச் சும்மா விட்டால் நாளைக்கு எவன் என்னை மதிப்பான்? பக்கத்தில் துரைகூட இல்லை. துணியை நானே பிடித்து இழுத்தேன். சதையோடு வந்தது. உள்ளே கல் எதுவும் இல்லை. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நான் "அடுத்த ஆள்" என்றேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள். புண் ஆறியதும் மறுபடி வேலைக்கு வந்தான். தினமும் வரிசையில் வந்து, நான் சொல்லுமுன்னே கையைத் தூக்குவான், வாயைத் திறப்பான். மாப்ள என்று ஒரு நாளும் கூப்பிடவில்லை. வீட்டில் பாக்கியவதியும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

தையில் எங்கள் மகளுக்குக் காது குத்த நாள் பார்த்தோம். தாய்மாமன் மடியில் வைத்துத்தானே குத்த வேண்டும்? அவன் வராவிட்டால் உறவே அறுந்துபோகும். போய், காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "வர்றேன்" என்று மட்டும் சொன்னான்.

சொன்னபடி வந்தான். பந்தல் நிறைய ஜனம். எனக்கு உயிரே வந்தது. வாசலில் என்னைப் பார்த்தவன், சீர்த்தட்டைப் பெண்சாதியிடம் கொடுத்துவிட்டு நின்றான். இரண்டு கையையும் தூக்கினான். வாயைத் திறந்து நாக்கை மடித்தான். கேலி செய்கிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. என்னைக் கண்டதும் அவன் உடம்பு தானாகச் செய்தது.

அவனைக் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். சாமி சத்தியமாக அதற்குத்தான் போனேன். பந்தலில் பேச்சு நின்ற பிறகுதான் கவனித்தேன், என் கைகள் அவன் இடுப்பைத் தடவிக்கொண்டிருந்தன.