சங்கிலி போடாத கதவு

சங்கிலி கதவின் பின்புறம் சும்மா தொங்குகிறது, யாரோ இப்போதுதான் கையை எடுத்ததுபோல் மெல்ல ஆடுகிறது, நடைவழிக் காற்று கதவுக்கு அடியால் நுழைந்து ஆட்டுகிறது என்று நிரோஜினிக்குத் தெரியும், தெரிந்தென்ன, பார்க்கப் பார்க்க நெஞ்சு திக்கென்கிறது, இல்லை, இது கனடாவின் ஸ்காபரோவில் அவர்கள் இருந்த அடுக்குமாடி வீட்டின் கதவே இல்லை, இங்கிலாந்தில் ஏதோ ஒரு துறைமுக ஊரில் மழையில் ஊறி உப்பிப்போன பின்கதவு, அதற்கு இரும்புத் தாழ்ப்பாள், அதைப் போடாமல் ஒரு வெள்ளைக்காரத் தாய் நிற்கிறாள், அவள் உடம்பில் அம்மா வீட்டில் போடும் பூப்போட்ட சோட்டி, கையில் ரோல்ஸ் மா, இத்தனை வருடம் கழித்தும் கனவில் இந்த இரண்டு கதவும் ஒன்றாகிவிடுகின்றன, கண்டறியாத ஒரு பள்ளிக்கூடப் புத்தகம் செய்த வேலை.

அது பன்னிரண்டாம் வகுப்பு, நவீன பிரிட்டிஷ் இலக்கியம், மதியச் சாப்பாடு முடிந்த கையோடு வரும் பாடம், பாதிப் பேர் கண்ணைத் திறந்தபடி தூங்குவார்கள், மிஸ் டொனலி மேசை விளிம்பில் சாய்ந்துகொண்டு அந்த மெல்லிய நாவலைத் துளித்துளியாக வாசிப்பார், மகன் போருக்குக் கப்பலேறிப் போகிறான், பிறகு காணவில்லை, செத்தான் என்றும் இல்லை இருக்கிறான் என்றும் இல்லை, தாய் மாலையானதும் விளக்கேற்றுகிறாள், பின்கதவின் தாழ்ப்பாளை மட்டும் போடுவதில்லை, ஏன் போடவில்லை சொல்லுங்கள் என்று மிஸ் கேட்கிறார், பின்வரிசையில் ஒருவன் அவளுக்கு மூளை சரியில்லை என்கிறான், எல்லோரும் சிரிக்கிறார்கள், நிரோஜினி சிரிக்கவில்லை, கையும் தூக்கவில்லை, அவளுக்கு விடை தெரியும், மகன் வந்தால் தட்டிக்கொண்டு நிற்கக் கூடாது, தெரிந்தவள் வாய் திறந்தால் அழுதுவிடுவாள், அந்த வகுப்பில் போய் அழுவதாவது.

வீட்டில் அம்மா கேட்பாள், இண்டைக்கு என்ன பிள்ளை படிப்பிச்சவை, கேட்டுக்கொண்டே ரோல்ஸ் சுற்றுவாள், கடைக்குப் பொரித்துக் கொடுக்கிற ரோல்ஸ், நிரோஜினி பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாய் முட்டையில் தோய்த்துப் பாண்தூளில் உருட்டிக்கொண்டே அன்றைய பக்கங்களைத் தமிழில் சொல்லுவாள், முதலில் பொழுதுபோக்கத்தான் சொன்னாள், பிறகு பார்த்தால் அம்மா கையை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள், அந்த மனுசிக்கு வேறை பிள்ளையள் இல்லையோ, புருசன்காரன் என்ன சொல்லுறான், கடிதம் கிடிதம் வந்ததோ, அவன் வந்தவனே பிள்ளை, இல்லையம்மா, இன்னும் அவ்வளவு தூரம் படிக்கேல்லை, கெதியாப் படிக்கச் சொல்லன் உன்ரை ரீச்சரை, ஊரில் கல்யாணம் பேச முதல் கோவிலில் பூக்கட்டிப் பார்ப்பார்களே, வெள்ளைப்பூப் பொட்டலம் வருமா சிவப்புப்பூ வருமா என்று, அப்படித்தான் அம்மா அந்தப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது நிரோஜினிக்கு மெல்ல மெல்லப் புரிந்தது.

ஏனென்றால் பரன் அண்ணா. வயது கூடிப்போச்சு என்று அவனுக்கு மட்டும் விசா இல்லை, மாமியோடு வன்னியில் நின்றுவிட்டான், கடைசியாய்ப் போன் எடுத்தபோது பின்னால் ஷெல் சத்தம், அம்மா நான் வச்சிட்டுப் பிறகு எடுக்கிறன் என்றான், அந்தப் பிறகு இன்னும் வரவில்லை, போர் முடிந்து இரண்டு வருடம், மாமியும் இல்லை, சாட்சி சொல்ல ஒருவரும் இல்லை, அப்பா ஐயரிடம் கேட்டுவிட்டு வந்து சொல்கிறார், நாள் தெரியாட்டி அமாவாசையிலை செய்யலாமாம், அவன்ரை ஆத்துமா எவ்வளவு காலத்துக்கெண்டு அலையிறது, அம்மா சீறுகிறாள், என்ரை பிள்ளை உயிரோடை இருக்கேக்கை பிண்டம் வைக்கப்போறியளோ, வாயைக் கழுவுங்கோ, அதோடு பேச்சு முடிந்தது, அப்பா இரவு வேலைக்குப் போனார், அவர் பின்னால் அம்மா கதவைச் சாத்தினாள், சங்கிலியைப் போடவில்லை, மறுநாளும் போடவில்லை, பூட்டையும் திருப்பவில்லை, காவலாளி வந்து கோபித்தான், களவு போனால் என்னைக் கேட்காதே என்றான், அம்மா ஓகே ஓகே என்று தலையாட்டினாள், கதவு கிடந்தபடி கிடந்தது. அப்பா தலையில் அடித்துக்கொண்டார், உந்தக் கதையளை இவளுக்குச் சொல்லாதை பிள்ளை, பரன் உங்கை பதினாலாம் மாடிக்கு லிப்டிலையே ஏறி வரப்போறான், சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார், அவர் குளிக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

நிரோஜினி கடைசிப் பக்கத்தைப் பேருந்தில் வைத்தே படித்துவிட்டாள். அவன் வரவில்லை. தந்தி வருகிறது, தாய் அதை மடித்துத் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கிறாள், எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் போடுகிறாள், அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு வரிகூட இல்லை, நவீன நாவல்கள் இப்படித்தான், சொல்லாததைத்தான் நீங்கள் வாசிக்க வேண்டும் என்று மிஸ் சொல்வார், சொல்வாரப்பா, அவருக்கென்ன, வீட்டுக்குப் போய் அம்மாவுக்குச் சொல்ல வேண்டியவள் இவளல்லவா.

அவன் வந்திட்டானம்மா என்றாள். பாண்தூளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், காயத்தோடை வந்தான், மழையிலை நனைஞ்சு வந்தான், கதவு திறந்து கிடந்தது, உள்ளுக்கு வந்து அம்மா எண்டு கூப்பிட்டான், சொல்லச் சொல்ல அவளுக்கே ஆசையாயிருந்தது, இன்னும் கொஞ்சம் சொன்னாள், என்ன சாப்பிட்டான் என்றுகூடச் சொன்னாள். அம்மா ஒரு ரோல்ஸைச் சுற்றி ஓரத்தை மாவால் ஒட்டித் தட்டில் வைத்தாள். பிறகு சொன்னாள், வீடு வந்து சேர்ந்த பிள்ளையைப் பற்றி ஆர் பிள்ளை புத்தகம் எழுதுறது.

உண்மையைச் சொல்லு, அவன் வரேல்லைத்தானே, ஓமம்மா, கதவை என்ன செய்தவள், பூட்டினவளம்மா, ஆர் பூட்டினது, புருசனோ அவளோ, அவள்தான், அவள் தன்ரை கையாலையோ, ஓம், அழுதவளோ, அது எழுதேல்லையம்மா. அம்மா தலையை ஆட்டினாள், எழுதாததும் சரிதான் என்பதுபோல் ஆட்டினாள், மிச்ச ரோல்ஸ் முழுவதையும் சுற்றி முடித்தாள், கையைக் கழுவினாள், பிறகுதான் சொன்னாள், அப்பா வந்தா ஐயருக்குப் போன் எடுக்கச் சொல்லு.

அமாவாசையில் ஏரிக்கரையில் செய்தார்கள், குளிர் காற்று, ஐயர் வேட்டிக்கு மேல் தடித்த ஜாக்கெட் போட்டிருந்தார், அண்ணாவின் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டபோது அப்பா ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார், அம்மாதான் சொன்னாள், பாடம் ஒப்பிக்கிற பிள்ளைபோல் தெளிவாய்ச் சொன்னாள். அந்தக் கிழமைதான் பரீட்சை, தாழ்ப்பாள் எதைக் குறிக்கிறது என்று விவரிக்கவும், எல்லோரும் பக்கம் பக்கமாய் எழுதுகிறார்கள், நிரோஜினி, அது தாழ்ப்பாள், அந்தத் தாய் அதைப் போட்டாள், என்று எழுதிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் விளக்கியிருக்கலாம் என்று மிஸ் சிவப்பில் எழுதிக் கொடுத்தார், பாவம், அவரில் பிழையில்லை.

ஆனால் அவள் விளக்க நினைப்பது அதையல்ல, ஏரிக்குப் போய்வந்த மறுநாள் காலையை, பள்ளிக்கூடப் பையோடு அவள் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள், கதவில் சங்கிலி இழுத்துப் போட்டிருக்கிறது, அம்மா போட்டது, ஆடாமல் கிடக்கிறது, அப்போது வெளியில் கதவு இடிபடுகிறது, திறந்து கிடக்கும் என்ற பழக்கத்தில் யாரோ கைப்பிடியைத் திருப்பித் தள்ளுகிறார்கள், சங்கிலி விறைத்து நிற்கிறது, குசினியிலிருந்து அம்மா ஓடிவருகிறாள், அம்மா அப்படி ஓடி அவள் கண்டதில்லை, ஈரக் கை, அவிழ்ந்த கொண்டை, முகம் முழுக்க வெளிச்சம், பரன் என்று வாய் அசைகிறது, இடுக்கில் அப்பா நிற்கிறார், இரவு வேலை முடிந்த கண்ணும் சாப்பாட்டுப் பையுமாய் நிற்கிறார், அந்த முகத்தைப் பார்க்கிறார், அது அணைவதையும் பார்க்கிறார், பார்த்துவிட்டு, என்னவோ பெரிய பிழை செய்துவிட்டவர்போல், நான்தான், நான்தானப்பா, என்கிறார்.