எங்கே நின்று அனுப்பினாய்?

தலைநகரான கபரோனில் மனிதர்களே இல்லை என்று ஓடெங் ராடிபாட்டியின் கணினி சொன்னது. ஜன்னலுக்குக் கீழே, அந்த இல்லாத மனிதர்களை அடைத்துக்கொண்டு கோம்பி வேன்கள் வரிசையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

அரசாங்கத்தின் அறிவியல் பயிற்சித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் தகவலைத் திரட்டுவது ஓடெங்கின் உத்தியோகம். தேர்வானால் ஒரு வருடம் அரசாங்கச் செலவில் தங்கி, சாப்பிட்டு, ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குழாய்களை உடைத்துக் கற்றுக்கொள்ளலாம். இடங்களில் பாதி நகரத்துக்கு. மறுபாதி, தார்ச்சாலை முடிந்து மணல் தொடங்கும் இடத்துக்கும் அப்பால் இருக்கிற பிள்ளைகளுக்கு. யார் எங்கே இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க விண்ணப்பத்தில் ஒரே கேள்வி: நீங்கள் வசிக்கும் இடம்? அந்தக் கேள்வியை எழுதியவன் ஓடெங்தான். இதைவிட எளிமையாகக் கேட்க முடியுமா என்று தன் முதுகில் தானே தட்டிக்கொண்டவன்.

அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவன் ஆட்கள் யாரும் கபரோனில் வசிப்பதாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அங்கே வேலை பார்ப்பார்கள், வாடகை கொடுப்பார்கள், பிள்ளை பெற்று அந்தப் பிள்ளைக்கும் கல்யாணம் செய்து வைப்பார்கள். ஆனால் எந்த ஊர் என்றால் வாயில் வருவது கிராமத்தின் பெயர். போதாததற்கு வயல் ஓரிடத்தில், மாட்டுப்பட்டி இன்னோரிடத்தில். ஒரு பையன் மூன்றையும் எழுதி, பட்டிக்குப் போக எந்த முள்மரத்தில் இடப்பக்கம் திரும்ப வேண்டும் என்றும் குறிப்பு கொடுத்திருந்தான்.

ஆக வந்த விண்ணப்பம் அத்தனையும் மணற்காட்டிலிருந்து. இயக்குநர் கோசிடின்ட்சி அம்மாள் முதலில் பூரித்துப்போனார். திட்டம் பாலைவனத்தின் கடைக்கோடிவரை போய்விட்டது என்று மேலிடத்துக்கும் சொல்லிவிட்டார். பிறகு ஒரு நாள் காலை, பொரித்த மாவு உருண்டையைக் கடித்தபடி தேர்வுப் பட்டியலைப் புரட்டியவர், கடித்ததை அப்படியே வாயில் வைத்துக்கொண்டு ஓடெங்கைக் கூப்பிட்டார்.

"இந்தப் பையன் என் பக்கத்து வீடு. ஞாயித்துக்கிழமை இவன் நீச்சல்குளத்துல குதிச்ச தண்ணி, காயப்போட்ட என் துணிமேல தெறிச்சுது. உன் பட்டியல்ல இவன் தண்ணியில்லாத காட்டுல இருக்கான்."

"அவங்க சொந்த ஊர் அதுதான் மா."

"மாட்டுக்குத்தான் ரா சொந்தப் பட்டி வேணும். எனக்குப் பிள்ளை எங்க இருக்குதுன்னு தெரியணும். வெள்ளிக்கிழமைக்குள்ள ஒவ்வொருத்தரா கூப்பிட்டுக் கேளு."

'ரா' என்றால் ஐயா, 'மா' என்றால் அம்மா. இந்த ஓரெழுத்து இல்லாமல் அந்த நாட்டில் திட்டக்கூட முடியாது.

ஓடெங் வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மணற்காட்டுப் பாதியின் கடைசி இடத்தில் இருந்த பெயர் செதுன்யா ராடிபாட்டி. ஊர் ஹுகுன்ட்சி. அவனுடைய ஒரே மகள்.

செதுன்யா பிறந்ததும் வளர்ந்ததும் கபரோன். ஹுகுன்ட்சிக்குப் போவது கிறிஸ்துமஸுக்கு மட்டும். அதுவும் ஆடுகளுக்குப் பயந்து காரைவிட்டு இறங்க மாட்டாள். பூச்சிகளுக்குப் பயமில்லை. கட்டிலுக்கு அடியில் ஜாம் பாட்டில்களில் எறும்பு, வண்டு, சிலந்தி என்று ஒரு குடித்தனமே வைத்திருந்தாள். இந்தப் பயிற்சி கிடைத்தால் அவற்றை நுண்ணோக்கியில் பார்க்கலாம் என்று இரண்டு மாதமாக அதே பேச்சு. நகரப் பாதியில் அவள் மதிப்பெண்ணுக்கு நிற்கவே இடமில்லை. இது போனால் அத்தையின் முடி பின்னும் கடைதான் என்று அம்மா முடிவு செய்திருந்தாள்.

பட்டியலுக்கு வெளியே நின்றவர்களில் கேலெபோன்யே என்றொரு பெண். அவள் ஊர், வரைபடக்காரர்களே பெயர் எழுதாமல் விட்ட ஒரு குடியிருப்பு. மதிப்பெண் நன்றாகவே இருந்தது. 'இந்தப் பயிற்சி உங்களுக்கு ஏன் வேண்டும்?' என்ற கடைசிக் கேள்விக்கு, 'எனக்கு இது வேண்டும், ஏனென்றால்' என்பதோடு நிறுத்திவிட்டாள். முழுமையற்ற பதில் என்று தேர்வுக் குழு மதிப்பெண்ணைக் குறைத்திருந்தது.

ஓடெங் பட்டியலின் உச்சியிலிருந்து தொடங்கினான். கடைசிப் பெயருக்கு வருவதற்குள் பூகம்பமோ கடைசித் தீர்ப்போ வந்துவிடும் என்று ஒரு நப்பாசை.

"எங்க வசிக்கிற தம்பி?"

"எங்க ஊர்ல ரா."

"இப்ப எங்க இருக்க?"

"கபரோன்ல."

"எப்போதிலிருந்து?"

"பிறந்ததிலிருந்து ரா. ஆனா நான் இங்க வசிக்கல."

இப்படியே அரை நாள் போயிற்று. ஒருத்தி, நகரத்தில் தான் வெறுமனே தூங்குவதாகச் சொன்னாள். ஒருவன் ஓடெங்கையே திருப்பிக் கேட்டான், நீங்க எந்த ஊர் ரா என்று. ஹுகுன்ட்சி என்று யோசிக்காமல் சொல்லி, அந்த ஊர்த் தர்ப்பூசணியைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிவிட்டு, எதற்கு அழைத்தோம் என்பதை மறந்து போனை வைத்துவிட்டான்.

மத்தியானத்துக்கு மேல் ஒரு பையனின் குரல் விட்டுவிட்டுக் கேட்டது. இருங்க ரா, தண்ணித் தொட்டி மேல ஏறிக்கிறேன், அங்கதான் சிக்னல் கிடைக்கும் என்றான். இரும்பு ஏணியில் கால் படும் ஓசை ஒவ்வொரு படியாகக் கேட்டது. ஓடெங் ரிசீவரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டான். இவ்வளவு நாள் தப்பான கேள்வியை அல்லவா கேட்டுக்கொண்டிருந்தோம்.

அதிலிருந்து எல்லோரிடமும் ஒரே கேள்விதான்: இந்த விண்ணப்பத்தை எங்கே நின்று அனுப்பினாய்?

நகரத்துப் பிள்ளைகளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "நிக்கிறதா? சோபால படுத்துக்கிட்டுதான் ரா அனுப்பினேன்" என்றான் நீச்சல்குளத்துக்காரன். மணற்காட்டுப் பிள்ளைகளோ பழைய பகையாளியைப் பற்றிக் கேட்டதுபோலப் பொரிந்து தள்ளினார்கள். மருத்துவமனைச் சுவருக்குப் பின்னால், நர்ஸ் அம்மா வைஃபையை அணைப்பதற்குள். கரையான் புற்றின்மேல், ஒற்றைக் காலில். தகவல் தானாகவே இரண்டு குவியலாகப் பிரிந்தது. கபரோனில் மளமளவென்று மக்கள் குடியேறினார்கள்.

கேலெபோன்யே கிடைப்பதற்கு மறுநாள் ஆயிற்று.

"மாட்டு டாக்டர் வண்டிக் கூரை மேல ரா. தடுப்பூசி போட வருவார். அந்த வண்டி மேல நின்னாத்தான் எங்க ஊர்ல உலகம் கிடைக்கும்."

"கடைசிக் கேள்விக்குப் பாதியில நிறுத்திட்டியே, ஏன்?"

"வண்டி கிளம்பிடுச்சு ரா."

ஓடெங்குக்குச் சிரிப்பு வந்து, பாதி வழியில் வேறு எதுவோவாக மாறியது. சரி, ஏனென்றால் என்ன என்று கேட்டான்.

"என்னமோ நல்லா யோசிச்சு வச்சிருந்தேன் ரா. விழாம பிடிச்சுக்கிட்டதுல மறந்துபோச்சு. எங்க போர்வெல் பம்பு அடிக்கடி நின்னுடும், மெக்கானிக் வர்றதுக்குள்ள கன்னுக்குட்டி செத்துடும். அதைப் பத்தித்தான் என்னமோ."

அவன் அதைச் சொல்லுக்குச் சொல் எழுதி, முழுமையான பதில் என்று பக்கத்தில் குறித்தான். குழு ஏற்றால் அவள் உள்ளே. ஆனால் நகரத்துப் பிள்ளைகள் விட்ட இடங்களெல்லாம் அவளுக்கு முன்னால் நின்றவர்களால் நிரம்பிவிட்டன; இன்னும் ஓரிடம் காலியாக வேண்டுமே. மிச்சமிருந்தது ஒரு பெயர். கூப்பிடாமலேயே 'ஹுகுன்ட்சி, கரையான் புற்று' என்று எழுதிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? கரையான் சாட்சி சொல்ல வராது. பேனாவை எடுத்தான், வைத்தான், தேநீர் குடித்தான், மறுபடி எடுத்தான். கடைசியில் போனைக் கையிலெடுத்தான்.

"செதுன்யா ராடிபாட்டியா? அறிவியல் பயிற்சி அலுவலகத்திலிருந்து பேசறோம்."

"அப்பா? என்ன ஆச்சு உங்களுக்கு?"

"விண்ணப்பத்தை எங்க நின்னு அனுப்பினீங்க?"

"நம்ம வீட்டு மேஜையில உங்க கம்ப்யூட்டர்ல. நான் கபரோன்னு போட்டேன். நீங்கதான் அழிச்சுட்டு ஹுகுன்ட்சின்னு போட்டு, பட்டனையும் அமுக்குனீங்க." குரல் இறங்கியது. "ஏன்ப்பா, எனக்கு இடம் போகுதா?"

"போகுதும்மா."

"என்னைக் கூப்பிடாம விட்டிருக்கலாம்ல."

"விட்டிருக்கலாம்" என்றான். அவள் பெயரை நகரக் குவியலுக்கு மாற்றினான்.

அன்று சாயங்காலம் அவன் தட்டில் சோளக்கூழும் கீரையும் இருந்தன, இறைச்சி இல்லை. சட்டியில் இருந்ததை வாசனை காட்டிக்கொடுத்தது. செதுன்யாவின் அம்மா சட்டியை மூடிவைத்து, ஊருக்கெல்லாம் நியாயம் பிரிச்சுக் குடுத்த கை, இறைச்சியையும் தானே தேடிக்கட்டும் என்று சுவரிடம் சொன்னாள். செதுன்யா அறையைவிட்டு வரவில்லை. கதவுக்குப் பின்னால் ஜாம் பாட்டில்களை இடம் மாற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

வெள்ளிக்கிழமை விடியலில் சமையலறை மேஜையில் உட்கார்ந்து அவன் அறிக்கையை முடித்தான். அடுத்த வருடம் கேள்வியை எப்படி மாற்ற வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதினான். அதோடு ஒரு வரி சேர்த்தான்: இந்த வருடம் நகரத்தில் இருந்துகொண்டே கிராமத்தை எழுதியவர்களைப் பொய்யர்களாகக் கருதாமல், நகரப் பாதிக்கான வரிசையில் சேர்க்க வேண்டும். அந்த வரிசையில் மகள் எவ்வளவு பின்னால் நிற்பாள் என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் வரிசை வரிசைதான்.

அடியில் தயாரித்தவர் பெயர், வசிக்கும் இடம். அந்தப் பழைய கேள்வியை அங்கே வைத்திருந்தவனும் அவன்தான். கை தன் பாட்டுக்கு எழுதியது: ஹுகுன்ட்சி.

செதுன்யா முடிக்கடைக்குக் கிளம்பி வந்தாள். பையில் ஒரு பாட்டில் துருத்திக்கொண்டிருந்தது. உள்ளே ஏதோ வண்டு. அவள் அவன் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள். இரண்டு நாளில் அவனிடம் பேசிய முதல் பேச்சு:

"இதை எங்க நின்னு எழுதுறீங்கப்பா?"

ஓடெங் சுற்றிலும் பார்த்தான். காலுக்குக் கீழே வழவழப்பான தரை, பக்கத்தில் உறுமும் குளிர்பெட்டி, ஜன்னலுக்கு வெளியே முதல் கோம்பியின் ஹாரன். எழுதியதை அடித்தான். பல்லைப் பிடுங்கும் நேரம் எடுத்து, மேலே எழுதினான்: கபரோன்.

நகரத்தின் மக்கள்தொகையில் ஒன்று கூடியது.