ஏழரை மாதக் குடித்தனம்

பாய்லர்காரர் மில்லிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வாரத்துக்குள் வீடு ரெண்டுபட்டுப் போயிற்று. அவர் மடித்த துணியை மனைவி பிரித்து மறுபடி மடிப்பாள். அவள் சாத்திய ஜன்னலை அவர் போய்த் திறப்பார். அன்று காலை அவர் ஆசையாக டீ போட்டுக் கொடுக்க, ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நான் சர்க்கரையை விட்டு எத்தனையோ வருஷமாச்சு."

"சொன்னாத்தானே தெரியும்!"

"எப்பச் சொல்றது?"

அந்த நேரம் பார்த்துப் பழைய சூப்பர்வைசர் போன் செய்தார். ஒரு குடோனுக்கு ராத்திரிக் காவலுக்கு ஆள் வேண்டுமாம். மத்தியானத்துக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். பாய்லர்காரருக்கு உயிர் வந்தது. ராத்திரி விழித்தே பழகிய உடம்பு. வீட்டிலும் சண்டை ஓயும்.

"போகட்டுமா?" என்று மனைவியைக் கேட்டார்.

அவள் விரலை மடக்கினாள். அதே மில்லில் நூல் சுற்றும் பிரிவில் இருந்து போன வருடம் நின்றவள். மணிக்கு இத்தனை கோன் என்றால் மாதத்துக்கு எத்தனை என்று வாயாலேயே போடுவாள்.

"காலையில கால் மணி, ராத்திரி கால் மணி. ஒரு நாளுக்கு அரை மணி நேரம். மாசத்துக்குப் பதினஞ்சு. வருஷத்துக்கு நூத்தியெண்பது. அதை நாளாக்கினா ஏழரை நாள்."

"என்னடி கணக்கு இது?"

"முப்பது வருஷத்துக்கு இருநூத்தி இருபத்தஞ்சு நாள். நாம ரெண்டு பேரும் முழிச்சிருந்து மூஞ்சி பாத்தது மொத்தமே ஏழரை மாசங்க."

"ஏழரையா! அதான் இந்தப் பாடு படுத்துது." சிரித்தார். "ஞாயித்துக்கிழமையை விட்டுட்டியே?"

"நீங்க குறட்டை விட்டதெல்லாம் கணக்குல வராது."

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. மில் வாசல் சைக்கிள் ஸ்டாண்டு கண்ணுக்குள் வந்தது. அவருக்கு ராத்திரி ஷிப்ட், அவளுக்குப் பகல். பிள்ளையைப் பார்க்க வேறு ஆளில்லை. ஷிப்ட் மாறுகிற அந்தக் கால் மணியில், தூங்குகிற மகளை அவர் தோளுக்கு மாற்றுவாள். முந்தானையால் அவர் காதோரக் கரியைத் துடைப்பாள். இருமல் மருந்து ஜன்னலில் இருக்கிறது, அரிசி தீரப்போகிறது என்பாள். அதற்குள் சங்கு ஊதிவிடும். ஒருநாள் மழைக்கு ஒதுங்கி நின்றபோது எதையோ சொல்ல வந்து, சொல்ல முடியாமல் சிரித்தாள். சங்கு ஊதியதும், மீதியை அப்புறம் சொல்கிறேன் என்று ஓடினாள்.

"அன்னைக்கு மழையில பாதியில விட்டுட்டு ஓடினியே, அது என்ன?"

"எந்த மழை? யாருக்கு ஞாபகம்?" என்றாள். சொல்லிவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் போனை எடுத்தார்.

"எனக்குத் தோதுப்படாது சார். ராத்திரியில வீட்ல இருக்கணும்."

"ஏம்ப்பா, வீட்டம்மாவுக்கு உடம்பு முடியலையா?"

"நல்லா இருக்கா சார். அதனாலதான்."