பாரிஸ் ஒப்புக்கொண்ட சுவர்

ஏறாவூரில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் கல்யாணம். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து குடியேறுவார். அவருடைய உம்மா மட்டும் அத்திவாரம் வெட்டும்போதே வந்து குறை சொல்லத் தொடங்கிவிடுவார். ஷஸ்னாவுக்கு வாய்க்க இருந்த மாமி நஸீறா அந்த வேலையை ஒரு குறையும் இல்லாமல் செய்தாள்.

கொழும்பில் கட்டடக்கலை படித்த ஷஸ்னா தன் வீட்டைத் தானே வரைந்திருந்தாள். வாவியைப் பார்த்த முன்சுவரில் கறுப்பு, வெள்ளை, செம்மண் நிறங்களில் முக்கோணங்கள். மேற்கு ஆபிரிக்காவில் பெண்கள் தங்கள் வீட்டுச் சுவர்களில் காலங்காலமாகத் தீட்டிவரும் வேலைப்பாடு அது. சாரத்தில் ஏறி நின்று அவளே தீட்டினாள். யாரிடமும் கேட்காமல் அவள் முதன்முதலாகச் செய்த காரியம் என்பதால் அந்தச் சுவர்மேல் அவளுக்கு உயிர்.

நஸீறா வாசலில் நின்றே மூக்கைச் சுளித்தாள். அவள் பார்வை ஷஸ்னாவின் முக்காட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்த சுருள் முடியில் கொஞ்சம் நின்று, பிறகு சுவருக்குப் போனது. ஆபிரிக்கரை இகழும் ஊர்ச்சொல் ஒன்று நாக்கில் தயாராக இருந்தது.

“இதென்னகா காப்பிலி வேல? என்ட மகன் பஸ்லான் ஆபிரிக்காவுக்கா மாப்புள போறான்? ஐரோப்பாக்காரன்ட வீடு மாதிரி வெள்ளையா அடிங்க. இல்லாட்டி நாங்க வேற இடம் பார்ப்பம்.”

ஷஸ்னாவின் வாப்பா மீராசாஹிப் பதறிப்போய் அன்று பின்னேரமே வெள்ளைப் பெயின்ற் வாளிகளை வாங்கி வந்து இறக்கினார்.

“வாப்பா, ஐரோப்பாக்காரன் நூறு வருஷத்துக்கு முந்தியே ஆபிரிக்காச் சிற்பங்களப் பார்த்துத்தான் தன்ட ஓவியத்தையே மாத்தினவன்” என்றாள் ஷஸ்னா.

“அத அந்த மனிசிக்கு ஆரு புள்ள சொல்ற?” என்று அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

நஸீறா சும்மா இருந்திருக்கலாம். கேலி செய்வதற்காகச் சுவரைப் படமெடுத்து, பாரிஸில் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்யும் மூத்த மகன் அம்ஜத்துக்கு அனுப்பினாள். அவனுடைய முதலாளி, ஒரு வெள்ளைக்காரன், படத்தைப் பார்த்துவிட்டு, “இது எங்கள் ஓவியர்களின் பாணி அல்லவா!” என்று பாராட்டினானாம். அந்த ஓவியர்கள் அதை யாரிடமிருந்து களவெடுத்தார்கள் என்பது அவனுக்கும் தெரியவில்லை.

மறுநாள் நஸீறா வட்டிலப்ப இனிப்புத் தட்டோடு வந்தாள். வரும் வழியில் தெருவுக்கே ‘பாரிஸ் டிசைன்’ என்று சொல்லிக்கொண்டு வந்தாள். வெட்கம் என்ற சாமான் அவள் வீட்டுக்குள் ஒருநாளும் போனதில்லை.

“சுவர் அப்பிடியே இரிக்கட்டும் மகள். நல்ல வடிவு” என்று ஷஸ்னாவின் கன்னத்தைத் தடவினாள். “கல்யாணத்துக்கு முந்தி இந்த முடிய மட்டும் நேராக்கிப் போடுங்க. காப்பிலிர முடி மாதிரிக் கிடக்கு.”

மீராசாஹிப் மகளைப் பார்த்தார். ஷஸ்னா தட்டை மூடி, நஸீறாவின் கையிலேயே திருப்பி வைத்தாள்.

“இந்த முடியும் நல்லமெண்டு பாரிஸ்ல ஒரு வெள்ளைக்காரன் சொல்லட்டும் மாமி. அதுவரைக்கும் உங்கட மகன் உங்கட வீட்டிலயே இரிக்கட்டும்.”