பாருக்கு ஒரு வருஷம் லீவு

கடலுக்கு லீவு விடுகிற ஆளைப் போய்க் கட்டிக்கொண்டோமே என்று குப்பம்மா ஒரு வருஷமாகப் புலம்பிக்கொண்டிருந்தாள். அடையாறு முகத்துவாரத்துக்கு எதிரே, கடலுக்கடியில் கிடக்கும் பாறைத்திட்டுக்குப் பார் என்று பெயர். அதில் வரவர விரல் நீளப் பொடிமீன்தான் கிடைத்தது. ஒரு வருஷம் அங்கே யாரும் வலை போடாவிட்டால் மீன் பெருகிச் சுற்றுக் கடலெல்லாம் பரவும் என்று ஊர்ப் பஞ்சாயத்தில் எழுந்து சொன்னவன் அவள் புருஷன் தேசப்பன். பஞ்சாயத்தும் தொண்ணூற்றைந்தில் தடை போட்டுவிட்டது.

அகப்பட்டுக்கொண்டவள் குப்பம்மா. பார் மீன் இல்லாததால், காசிமேட்டில் ஏலம் எடுத்த மீனைக் கூடையோடு பஸ்ஸில் ஏற்றி, கண்டக்டரிடம் திட்டு வாங்கி, சைதாப்பேட்டை மார்க்கெட்டில் விற்றாள். ஊர் வயிற்றில் அடித்தவன் பெண்டாட்டி என்று குழாயடியில் குத்தல் பேச்சு வேறு.

வருஷம் முடிந்தது. தேசப்பன் ஒருமுறை வலை போட்டுப் பார்க்க வேண்டும். மீன் பெருகியிருந்தால் பலன் தெரிகிறதென்று தடை தொடரும், இல்லாவிட்டால் எல்லாரும் இறங்கலாம் என்று பேச்சு.

கட்டுமரம் கரையேறியபோது ஊரே திரண்டிருந்தது. வலையில் ஒரு பொடிகூட இல்லை, நடுவில் பெரிய ஓட்டை. பாறை கிழித்திருக்கும் என்று பஞ்சாயத்துப் பெரியவர் சிரிக்க, கூட்டமும் சிரித்தது. தேசப்பன் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றான். குப்பம்மாவுக்குப் பொறுக்கவில்லை. வீட்டில் அவள் திட்டலாம், ஊர் சிரிக்கலாமா?

விறுவிறுவென்று போய் வலையைப் பிடுங்கினாள். கிழிந்த ஓரமெல்லாம் வழவழப்பு. கட்டைவிரல் நகத்தளவு செதில்கள் ஒட்டியிருந்தன.

"பாறைக்கு செதில் மொளைக்குமா நைனா? இது பெரிய கொடுவா மீனு." புருஷன் பக்கம் திரும்பினாள். "யோவ், பொடிக்குப் போட்ற வலைய எடுத்துக்கினு போய்க்கீறியே, அது தாங்குமா?"

பாரில் பொடியே பிடித்துப் பழகியவர்களுக்கு வேறு வலை எடுக்கலாம் என்று தோன்றவே இல்லை. அடுத்த நிமிஷமே, தடித்த வலை யார் வீட்டில் இருக்கிறது என்று ஆளாளுக்கு ஓடப் பார்த்தார்கள். குப்பம்மா கட்டுமரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"பெருகினா மூடணும்னுதான பேச்சு? இன்னும் ஒரு வருசம் மூடியே கெடக்கட்டும். முட்டையோட கீறத புடிச்சித் துன்னவா இம்மா நாள் பொறுத்துக்கினோம்?"

பெரியவர் தலையைச் சொறிந்துகொண்டு, பேச்சு பேச்சுதான் என்றார்.

தடையைத் தூக்கச் சொல்லித் தினமும் உயிரை எடுத்தவள் நீதானே என்று கேட்கத் தேசப்பன் வாயைத் திறந்தான். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.