பீச் மரச் சரிவின் வழக்கு

ஊருக்குக் குடிநீர் தரும் ஊற்றுக்கு மேலே, மலைச்சரிவு முழுக்க பீச் என்ற உயரமான காட்டு மரங்கள். அவற்றை வெட்ட வனத்துறை பத்தாண்டுத் திட்டம் போட்டது. மரம் போனால் ஊற்று வற்றும் என்று பயந்த பள்ளிச் சமையல்காரி போகுமிவா வழக்குப் போட்டாள். கீழ்க் கோர்ட் மனுவை அப்படியே திருப்பி அனுப்பியது. திட்டம் துறையின் உள்விவகாரமாம், வெளியாட்கள் தலையிட முடியாதாம்.

"நான் வெளியாளா? முப்பது வருஷமா அந்தத் தண்ணியிலதான் சூப் வைக்கிறேன்!" என்று வக்கீல் கோர்னெலியாவிடம் பொரிந்து தள்ளினாள்.

"இதையே மேல் கோர்ட்டுல சொல்லுங்கம்மா. அப்பீல் போட்டுட்டேன்."

மேல் கோர்ட் இருக்கும் தலைநகர் வார்சாவுக்கு ரயிலேறப் போனவளை வழியில் வனக்காவலர் லுடோமிர் சீண்டினார். "என்னக்கா, ராஜாங்கத்தையே கட்டிப் போடப் போறீங்களா?"

"ஆமா. வந்து கயிறு பிடி."

கோர்ட்டில் அரசு வக்கீல் எழுந்தார். "இந்தம்மாவுக்கு அந்தக் காட்டுல ஒரு மரமாவது சொந்தமா? அப்புறம் என்ன வழக்கு?"

நீதிபதிகளில் ஒருவர் போகுமிவாவைப் பார்த்தார். அவள் எழுந்து நின்றாள்.

"ஒரு மரமும் சொந்தமில்லைங்க. ஆனா நூத்திப்பத்து பிள்ளைங்க அந்தத் தண்ணியக் குடிக்குது. அது வத்துனா நான் யார்கிட்ட போய்க் கேக்கறது?"

உள்ளே போன நீதிபதிகள் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினார்கள். சுற்றுச்சூழலைத் தொடும் அரசுத் திட்டத்தை எதிர்த்து மக்கள் நீதிமன்றம் வரலாம், மனுவைத் திருப்பியது தவறு, விசாரணை முடியும்வரை ஒரு மரத்தையும் வெட்டக் கூடாது என்று தீர்ப்பு வாசிக்கப்பட்டது.

போகுமிவாவுக்குச் சட்டமொழி பிடிபடவில்லை. "ஜெயிச்சுட்டோமா?" என்று கோர்னெலியாவிடம் கேட்டாள்.

"கதவு திறந்துடுச்சும்மா! திட்டத்த எதிர்த்து இனிமேதான் வாதாடணும். ஆனா உங்கள இனி யாரும் வாசல்லயே விரட்ட முடியாது."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கோர்ட் வாசல் காவலர் முறைத்தார். அவள் நிறுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லுடோமிர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவள் சமையலறைக்கு வந்தார். கையில் ஒரு வரைபடம்.

"வெட்டுற மெஷின திருப்பி அனுப்பிட்டாங்கக்கா." வரைபடத்தை மேசையில் விரித்தார். "இதுதான் திட்டத்தோட வந்த படம். ஊத்து எங்க இருக்குன்னு காட்டுங்க பாப்போம்."

அவள் தேடினாள். ஊற்று அதில் இல்லவே இல்லை.

"படம் வந்தப்பவே ஆபீஸ்ல சொன்னேன், யாரும் காதுல போட்டுக்கல. இப்ப கோர்ட்டுல வந்து சொல்றேன்."

"உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாதா?"

"ஆனா ஆகட்டும்க்கா. எங்க வீட்டுலயும் அதே தண்ணிதான்."

போகுமிவா ஒரு தட்டு நிறைய பியரோகிக் கொழுக்கட்டைகளை அவர் முன்னால் வைத்துவிட்டு ஃபோனை எடுத்தாள்.

"வக்கீலம்மா, பேனா கையில இருக்கா? எழுதிக்கோங்க."