ஐந்தாவது பாட்டின் நாலு வரி

ஆல்பம் வெளியாக இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. நைதிகா அந்த நாலு வரியைப் பதினோராவது தடவையாகப் பாடிக்கொண்டிருந்தாள். இந்தத் தடவையும் மூன்றாவது வரியின் உச்சியில் குரல் பிசிறி, இறங்கி வந்துவிட்டது.

தென்காசியில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே, சுவரெல்லாம் பஞ்சு அடித்த ஒற்றை அறை. அதுதான் ஜெனோவின் ஸ்டுடியோ. கீழே பாத்திரத்தில் பெயர் வெட்டும் சத்தம் மட்டும் எப்படியோ உள்ளே வந்துவிடும். அதற்காகவே ரெக்கார்டிங்கைக் கடைக்காரர் சாப்பிடப் போகிற நேரத்தில் வைப்பாள் ஜெனோ. இப்போது மாலை நாலு மணி, வெறும் பயிற்சிதான். டக் டக்கென்று யாருடைய கல்யாணக் குடத்திலோ பெயர் விழுந்துகொண்டிருந்தது.

"அன்னிக்கு மட்டும் எப்படி வந்துச்சு ஹுஸ்னா?" என்று நைதிகா ஹெட்போனைக் கழற்றினாள். "எனக்குப் பாடினதே ஞாபகம் இல்ல."

ஹுஸ்னா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

நைதிகா ஒன்பது படங்களில் நடித்தவள். ஒன்பதிலும் அவளுக்கு வேறு யாரோதான் பேசினார்கள், வேறு யாரோதான் பாடினார்கள். சொந்தக் குரலில் ஏழு பாட்டு என்பது அவள் ஆசை. சீசனுக்குக் குற்றாலம் வந்தவள், சாரலைப் பார்த்ததும் இங்கேயே வைத்துப் பாடிவிடுவது என்று தங்கிவிட்டாள். மெட்டு பழகுவதற்காக முதலில் வேறொருத்தி பாடி வைப்பதற்கு டிராக் என்று பெயர். ஜெனோ தன் கல்லூரித் தோழி ஹுஸ்னாவைக் கூப்பிட்டாள். நைதிகா, ஹுஸ்னா இரண்டு பேர் குரலும் கிட்டத்தட்ட ஒரே கனம்.

ஹுஸ்னா இயற்பியல் படித்தவள். காது கேட்கும் கருவி விற்கிற கடையில் வேலை. காது சோதிக்கும்போது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பொத்தானை அழுத்துவாள். அந்தப் பக்கம் இருப்பவர்கள் சத்தம் கேட்டால் விரலைத் தூக்குவார்கள். அவளை யாரும் பார்க்க வேண்டியதில்லை. அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது.

ஐந்தாவது பாட்டு எடுத்த அன்று நைதிகா ஐந்தருவியில் குளித்துவிட்டு நேரே வந்தாள். பாதிப் பாட்டில் காய்ச்சல் நூற்றிரண்டு. மாத்திரை போட்டுக்கொண்டு ஏதோ முனகினாள், பிறகு தரையிலேயே தூங்கிப்போனாள். விட்டுப்போன நாலு வரியில் ஜெனோ இப்போதைக்கு இருக்கட்டும் என்று ஹுஸ்னாவின் டிராக்கை ஒட்டி வைத்தாள். மறுநாள் அவள் சொல்வதற்குள் நைதிகா ஹெட்போனை மாட்டிக் கேட்டுவிட்டாள். கேட்டு அழுதாள். "இது நானா?" என்றாள்.

ஜெனோ ஹுஸ்னாவைப் பார்த்தாள். ஹுஸ்னா தரையைப் பார்த்தாள். ஆமாம் என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் ஹுஸ்னாவுக்குத் தூக்கத்தில் நடப்பது போலிருந்தன. முகம் இல்லாமல் குரல் மட்டும் ஊர் ஊராகப் போவதை நினைத்துக்கொண்டே இருந்தாள். கடையம் பஸ்ஸில் அது ஒலிக்கும். புளியங்குடியிலிருந்து எலுமிச்சை ஏற்றிப் போகும் லாரியில் ஒலிக்கும். துபாயில் எட்டுப் பேர் படுத்திருக்கும் அறையில் அண்ணன் ஹம்தான் அதைக் கேட்பான், தங்கச்சி என்று தெரியாமல் இன்னொரு தடவை போடச் சொல்வான். யாரும் திரும்பி இவளைப் பார்க்க மாட்டார்கள். இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் நைதிகா நாளை மாலை ஆறு மணிக்குக் குற்றாலத்தில் ஒரு மண்டபத்தில் மேடையேறி அந்தப் பாட்டை நேரில் பாடப் போகிறாள். அந்த நாலு வரியை நம்பிக் கைக்கு வந்த படத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றாள் நைதிகா திடீரென்று. "அருவில குளிச்சப்புறம்தான் அது வந்துச்சு. காலைல போலாம். நீயும் வா."

அவள் கார் கிளம்பியதும் மாடிப்படியில் ஹுஸ்னாவை ஜெனோ வழிமறித்தாள்.

"ஏட்டி, வாயத் தொறந்துராத. மேடைல அந்த நாலு வரிக்கு ரெக்கார்ட ஓட விட்டுருதேன். அவ உதட்ட அசைச்சாப் போதும். ஒம்பது படத்துல அசைச்சவதான?"

"அப்படிச் சொல்லாத ஜெனோ. அதுக்காகத்தான அவங்க இங்கன வந்து கெடக்காங்க."

"சரி, போய்ச் சொல்லு. நாலு வரியையும் வெட்டச் சொல்லுவா. ஒன் கொரலு போயிரும். பரவால்லயா ஒனக்கு?"

ஹுஸ்னா படியில் இறங்கினாள். பரவாயில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

காலை ஐந்தரைக்கு ஐந்தருவியில் வெளிச்சம் பால் கலந்த தண்ணீர் நிறத்தில் இருந்தது. மலை தெரியவில்லை, மேகத்துக்குள்ளிருந்து நேரே தண்ணீர் விழுவதுபோல் இருந்தது. பெண்கள் பக்கம் கூட்டம் குறைவு. நைதிகா துண்டால் தலையை மூடியிருந்தாள். அப்படியும் பாவூர்சத்திரத்துக்காரி ஒருத்தி, தலையில் எண்ணெய் வழிய, குனிந்து பார்த்தாள்.

"ஏம்மா, நீ சினிமால வாரவதான?"

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்க ஆச்சி" என்றாள் நைதிகா, கற்றுக்கொண்ட ஊர்ப்பேச்சில்.

அந்த அம்மாள் காதைச் சாய்த்து யோசித்தாள். "மொகம் அச்சா அவதான். கொரலு இல்ல. அவ கொரலு தேனால்லா இருக்கும்! நீ அவ இல்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அருவிக்குள் போய்விட்டாள்.

நைதிகா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "பாத்தியா? என் முகத்தைப் பாத்தும் என்னை இல்லன்னுட்டாங்க. இன்னிக்கு சாயங்காலத்துக்கு அப்புறம் யாரும் அப்படிச் சொல்ல முடியாது."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவள் தண்ணீருக்குள் நுழைந்தாள். உள்ளே போனதும் உலகம் இல்லாமல் போனது. தலையில், தோளில், காதுக்குள் எல்லாம் ஒரே இரைச்சல். கடையில் எந்தக் கருவியாலும் அளக்க முடியாத இரைச்சல். பக்கத்தில் நைதிகா வாயை அகலத் திறந்து பாடுவது தெரிந்தது. ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை. அந்த தைரியத்தில் ஹுஸ்னா இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிப் பார்த்தாள். தன் வாயிலிருந்து வந்தது தனக்கே கேட்கவில்லை. சுகமாக இருந்தது. அப்படியே நின்றுவிடலாம் போலிருந்தது.

வெளியே வந்து நைதிகா பாறை ஓரமாக நின்று பாடினாள்.

"நனையாத துளி ஒன்று நான்..."

முதல் வரி வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதில் இருமல் வந்தது. உதடு நீலம் பாரித்து, தாடை கிடுகிடுவென்று ஆடியது.

"இன்னும் கொஞ்ச நேரம் நிக்கணும் போல" என்று மறுபடி அருவியை நோக்கித் திரும்பினாள். "அன்னிக்கு ரொம்ப நேரம் நின்னேன்."

ஹுஸ்னா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். சுட்டது. மறுபடி காய்ச்சல்.

"போதும்க்கா. வாங்க."

"விடு ஹுஸ்னா. அது எனக்குள்ளதான் இருக்கு. ஆமா, உள்ள நிக்கும்போது என்னமோ சொன்னியே, என்ன அது?"

சாரல் இரண்டு பேர் முகத்திலும் விழுந்துகொண்டிருந்தது. அருவியின் இரைச்சல் பத்தடி தள்ளி இருந்தது. இங்கே மெதுவாகச் சொன்னால்கூடக் கேட்கும். கடையம் பஸ்ஸும் எலுமிச்சை லாரியும் துபாய் அறையும் ஒவ்வொன்றாக அணைவது ஹுஸ்னாவுக்குத் தெரிந்தது. பிடித்த கையை அவள் விடவில்லை.

"அந்த நாலு வரி நீங்க பாடுனது இல்லக்கா. நான் பாடுனது."